பரசுராமன் பார்க்காத காலைகள்

பரசுராமனுக்கு என்ன வேலை என்று கேட்டால் அவர் தெருவில் பாதிப் பேர் காலேஜ் வேலை என்பார்கள். மீதிப் பேர் எலி வளர்க்கிறார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டும் சரிதான். ஆவடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு மருந்தியல் கல்லூரியில், மருந்துச் சோதனைக்காக வளர்க்கும் வெள்ளெலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அவர். கூண்டில் உமி மாற்றுவது, தீனி வைப்பது, தண்ணீர் பாட்டிலைக் கழுவி மாட்டுவது, எந்த எலி எடை குறைந்தது, எது மூலையில் சுருண்டு கிடக்கிறது என்று நோட்டில் எழுதி வைப்பது. பத்தொன்பது வருடமாக இதுதான்.

அந்த வேலை கிடைத்ததே எலி பிடித்துத்தான். ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்குப் போன குடும்பம் அவருடையது. முப்பத்திரண்டு வயதில் பெயிண்ட் மேஸ்திரி ஒருவரோடு அந்தக் கல்லூரிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார். அன்றைக்கு ஒரு கூண்டு கவிழ்ந்து எட்டு எலிகள் வராந்தாவில் ஓடின. படிக்கிற பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிக்கொண்டார்கள். பரசுராமன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். ஒன்றுகூடக் கடிக்கவில்லை. கழனியில் எலி பிடித்துப் பழகிய கை. பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் மறுநாளே கூப்பிட்டு வேலை போட்டுக் கொடுத்தார்.

அவர் வீடு திருத்தணியில், மலைக்குப் பின்பக்கம், சித்தூர் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில். விடிவதற்குள் கிளம்பும் லோக்கல் ரயிலைப் பிடித்தால்தான் ஏழரை மணிக்குக் கூண்டுகளுக்கு முன்னால் நிற்க முடியும். திரும்பி வீட்டுப் படி ஏற மாலை ஏழாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் போவார். எலிகளுக்கு வயிறு ஏழு நாளும் பசிக்கும் என்பார். ஞாயிறு மட்டும் மாலை ஐந்துக்கே திரும்பிவிடுவார்.

மனைவி பிரபாவதி நகரியில் பிறந்தவள். தாய்மாமன் மகள். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருடம் ஆன பிறகும் அவரைத் தெலுங்கு வழக்கில் பாவா, அதாவது அத்தான், என்றுதான் கூப்பிடுவாள். ஒரே மகன் ராஜேஷ். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே கல்யாணம் முடிந்து குடித்தனம். பிரபாவதி கல்யாண மண்டபங்களில் காய் நறுக்கப் போவாள். திருத்தணியில் முகூர்த்த நாள் என்றால் மண்டபம் ஒன்றும் காலியிருக்காது. சமையல் காண்ட்ராக்டர்கள் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அரிவாள்மணையில் உட்கார்ந்தால் நூறு கிலோ காயை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அந்தக் கூட்டத்திலேயே அதிகம் பேசுகிறவளும் அவள்தான்.

போன வருடம் ஆவணியில் ஒரு முகூர்த்தம். முன்னால் பூசணிக்காய்களைக் குவித்துவிட்டுப் போனார்கள். பிரபாவதி ஒரு காயை மடியில் எடுத்து வைத்தாள். வைத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் இரண்டு காயை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் அவள் மடியில் அதே காய் இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றாளாம். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் மண்டபத்துக்குப் போகவில்லை.

காரணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பரசுராமனுக்கு விளங்கவில்லை. சாவு இல்லை, சண்டை இல்லை. மகன் நன்றாக இருக்கிறான், மருமகள் மரியாதையான பெண். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. நகரியில் இருந்து வந்த அவள் அண்ணன் கிருஷ்ணன், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். மலையேறி முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்கள். படி ஏறும்போது நடுவில் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கும்போது, பாவா, எனக்கு எதுவும் ருசிக்கலை என்றாள். சாப்பாட்டைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் பரசுராமனுக்கு இந்த நோயின் பெயர் தெரியாமல் இல்லை. அவர் பார்க்கிற எலிகளுக்கே அதுதான் சோதனை. கவிப்பிரியா என்ற ஆராய்ச்சி மாணவி, போளூர்ப் பக்கத்துப் பெண், மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்தைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எலிகளை வாரக்கணக்கில் சின்னச் சின்னதாகக் கஷ்டப்படுத்துவார்கள். ஒரு நாள் உமியை நனைத்து வைப்பார்கள், ஒரு நாள் கூண்டைச் சாய்த்து வைப்பார்கள், ஒரு நாள் இடத்தை மாற்றுவார்கள். கொஞ்ச நாளில் அந்த எலி ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும். சாதாரணத் தண்ணீரையும் சர்க்கரைத் தண்ணீரையும் பக்கம் பக்கமாக வைத்தால் நல்ல எலி சர்க்கரைத் தண்ணீருக்குத்தான் போகும். இது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாததுபோலக் கிடக்கும். அப்புறம் மருந்து கொடுப்பார்கள். சில வாரத்தில் எலி மறுபடி மூஞ்சியைத் துடைத்துக்கொள்ளும், சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் காலியாகும். இதைப் பல தடவை அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அதனால்தான் மார்கழியில் பிரபாவதியை அரக்கோணத்தில் ஒரு மனநல டாக்டரிடம் தயங்காமல் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் மாலை நேரத்தில் பார்ப்பவர், வேலை முடித்து வந்து போக வசதி. அவர் எழுதிக் கொடுத்து வாங்கிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், கவிப்பிரியாவின் பாட்டிலில் ஒட்டியிருக்கும் அதே பெயர். ஃப்ளூவாக்ஸிடின். பரசுராமனுக்குப் பாதி பாரம் இறங்கியதுபோல இருந்தது. இது எனக்குத் தெரிஞ்ச மருந்து, நாலு வாரம் பொறு, எல்லாம் சரியாயிடும் என்று பஸ்ஸில் வரும்போது அவளிடம் சொன்னார். கல்லூரியில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. வீட்டம்மாவுக்கு மனசு சரியில்லை என்று எப்படிச் சொல்வது.

தை முடிந்து மாசியில் அவள் தேறினாள். மாலையில் அவர் வரும்போது குளித்துத் தலை வாரியிருப்பாள். ரசம் வைத்திருப்பாள். சாப்பிடும்போது, இன்றைக்கு எந்த எலி என்ன செய்தது என்று கேட்பாள். ஒரு நாள் தாய் எலி ஒன்று தன் குட்டிகளோடு பக்கத்துக் கூண்டுக் குட்டியையும் சேர்த்துப் பால் கொடுத்ததைச் சொன்னார். வாய்விட்டுச் சிரித்தாள். ராஜேஷ் மாலையில் போன் செய்யும்போது அவனிடமும் நன்றாகப் பேசினாள். அம்மா பழையபடி ஆயிடுச்சுப்பா என்று அவனும் சொன்னான்.

மாதா மாதம் டாக்டரிடம் போனார்கள். மாசி மாதக் கடைசியில் போனபோது டாக்டர், காலையில் எப்படி எழுந்திருக்கிறாள், விடிகாலையில் முழிப்பு வந்துவிடுகிறதா என்று கேட்டார். பிரபாவதி கணவர் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லா தூங்குதுங்க சார்,” என்றார் பரசுராமன். “நான் கிளம்பற வரைக்கும் அசையறதேயில்ல.”

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. தினமும் நாலே முக்காலுக்கு அவர் கிளம்பும்போது அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள். தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் மாத்திரையும் டம்ளரில் தண்ணீரும் வைத்துவிட்டு, லைட்டை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு போவார். பொங்கலன்று மட்டும் வீட்டில் இருந்தார். அன்றைக்குப் பத்து மணி வரை அவள் எழுந்திருக்கவில்லை. தலைவலி என்றாள். தைலம் தேய்த்துவிட்டு அவரே பொங்கல் வைத்தார்.

பக்கத்து வீட்டு ஜெயம்மாள் அந்தச் சமயத்தில்தான் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அறுபது வயதுக்காரி, புருஷன் இல்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் மலையடிவாரத்தில் தள்ளுவண்டியில் கற்பூரமும் பொரிகடலையும் விற்பாள், ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவாள். வழியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஏதோ தெருக்குழாய்த் தகராறாக இருக்கும் என்று பரசுராமன் விட்டுவிட்டார்.

கவிப்பிரியாவின் பெரிய சோதனை பங்குனியில் நடந்துகொண்டிருந்தது. மூளையில் செரட்டோனின் என்று ஒரு ரசாயனம். அது ஒரு நாளைக்குள்ளேயே ஏறும், இறங்கும். எந்த நேரத்தில் ஏறுகிறது, மருந்து கொடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு ஆறு தடவை அளக்க வேண்டும். அதற்காக இரண்டு அறைகள். ஒன்றில் காலை ஆறு மணிக்கு விளக்கு எரியும், மாலை ஆறுக்கு அணையும். இன்னொன்றில் நேர்மாறு. அந்த அறை எலிகளுக்கு நம் பகல்தான் ராத்திரி. இரண்டு அறையிலும் காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு என்று எடுத்தால் ஆறு நேரமும் கிடைத்துவிடும், யாரும் ராத்திரி தங்க வேண்டியதில்லை.

இருட்டறை பரசுராமனின் பொறுப்பு. மங்கலான சிவப்பு பல்பு மட்டும் எரியும். எலிக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது. மற்ற வெளிச்சம் ஒரு பொட்டு பட்டாலும் கணக்கு கெட்டுவிடும் என்பதால் போனை வெளியே மேசை மேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எலிகளுக்கு இருட்டினால்தான் விடியல். காலை எட்டு மணிக்கு அவர் உள்ளே போகும்போது அவை அப்போதுதான் எழுந்து சோம்பல் முறித்து, கம்பியைப் பிடித்து நின்று மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும். எது சுறுசுறுப்பாக எழுகிறது, எது எழவில்லை என்று பார்த்து எழுதுவார்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி உள்ளே போனவர், பத்து மணிக்கு வெளியே வந்து போனை எடுத்தார். ஜெயம்மாள் நம்பரில் இருந்து பதினேழு அழைப்புகள். பிரபாவதி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தாள்.

ரயிலில் வரும்போது அவர் ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்க முடியவில்லை. முதல் நாள் மாலை கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். ராஜேஷுக்கு ஆனியில் பிறந்தநாள் வருகிறது, சட்டை எடுக்க வேண்டும் என்று பேசியிருந்தாள். அது மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் போலீஸ் நின்றது. ஆஸ்பத்திரியில் இருந்து மறுநாள்தான் உடம்பைக் கொடுத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நல்லாத்தானே இருந்துச்சு? பரசுராமனும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். கிருஷ்ணன் ஒரு கட்டத்தில் அவர் சட்டையைப் பிடித்து, வீட்டில் என்ன நடந்தது என்று சொல் என்று உலுக்கினார். ராஜேஷ்தான் மாமன் கையை விலக்கிவிட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவர் ரயிலேறினார். மகன் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். எலிகள் காத்திருக்கும் என்றார். உண்மையில் வீட்டில் இருக்க முடியவில்லை.

கவிப்பிரியா அவருக்காகக் கடைசிக் கட்டத்தைத் தள்ளிப் போட்டிருந்தாள். மனைவி இறந்துபோனாள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. கடைசிக் கட்டம் என்றால் எலிகளைக் கொன்று மூளையை எடுத்து அளப்பது. புதுக் கை பட்டால் எலி பயந்துவிடும், பயந்தால் அளவு மாறிவிடும். ஆகையால் பரசுராமன்தான் ஒவ்வொன்றையும் கூண்டில் இருந்து எடுத்துத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மொத்தம் நூற்றெட்டு எலிகள். ஆறு நாள். எல்லாவற்றையும் அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். முன்பெல்லாம் கொடுக்கும்போது காதுப் பக்கம் ஒரு தடவை தடவிக் கொடுப்பார். இந்தத் தடவை அப்படிச் செய்தாரா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை.

ஆடி மாதத்தில் கணக்குகள் எல்லாம் போட்டு முடிந்து, கவிப்பிரியா ஒரு நாள் மதியம் அவரைக் கூப்பிட்டாள். உழைத்தவருக்கு முடிவைக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. லேப்டாப்பில் மூன்று கோடுகள். கறுப்பு நல்ல எலி, சிவப்பு கஷ்டப்படுத்திய எலி, பச்சை கஷ்டப்படுத்தி மருந்து கொடுத்த எலி. கறுப்புக் கோடு மேடு போல ஏறி இறங்கியது. சிவப்பு கீழே தட்டையாகக் கிடந்தது. பச்சைக் கோட்டை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். பெரும்பாலான நேரத்தில் அது கறுப்புக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கீழே விழுந்து சிவப்போடு சேர்ந்திருந்தது.

இதற்கு முன்னால் இதே துறையில் ஒருவர் ஒரு நேரத்தில் மட்டும் அளந்து பார்த்து, மருந்து முழுதாகக் குணமாக்குகிறது என்று எழுதிவிட்டார் என்றாள். அவர் அளந்த நேரத்தில் அது உண்மைதான். ஆனால் மருந்து அளவை மட்டும் ஏற்றுவதில்லை, ஏறி இறங்கும் நேரத்தையும் நகர்த்திவிடுகிறது. ஆறு நேரம் அளந்ததால்தான் இந்தப் பள்ளம் தெரிந்தது.

“இது எந்த நேரம் மேடம்?” என்று கேட்டார் பரசுராமன்.

“நம்ம இருட்டறைல காலைல எட்டு மணிண்ணா. அதுங்க எழுந்திருக்கிற நேரம்.”

“மத்த நேரம் பார்த்தா?”

“நல்லா ஆயிடுச்சுன்னுதான் தெரியும்.”

பரசுராமன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “எங்க வீட்டம்மாவும் இந்த மாத்திரைதான் சாப்ட்டுகினு இருந்துச்சு,” என்றார். மெல்ல, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை கவிப்பிரியா லேப்டாப்பை மூடவும் இல்லை, அதைப் பார்க்கவும் இல்லை.

எலியை வைத்து மனிதரைச் சொல்லக் கூடாது, மருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்றாள் அவள். அவர் அதை மறுக்கவில்லை. அவளாகவே தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னாள். இந்த நோய் வந்தவர்களில் சிலருக்குக் காலையில் ரொம்ப மோசமாக இருக்கும், பொழுது ஏற ஏறத் தேறி மாலையில் நன்றாக ஆகிவிடுவார்கள். விடிவதற்கு முன்பே முழிப்பு வந்துவிடும். அது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

“தெரிஞ்ச விஷயமா அது?”

“ஆமாண்ணா.”

அவர் எழுந்து தண்ணீர் பாட்டில்களைக் கழுவப் போனார்.

அன்றைக்கு லோக்கலில் கால் வைக்க இடமில்லை. மறுநாள் ஆடிக் கிருத்திகை. காவடியும் மஞ்சள் வேட்டியுமாகக் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு வந்தது. பரசுராமன் கதவோரம் நின்றுகொண்டு வந்தார். டாக்டரின் கேள்வி ஞாபகம் வந்தது. காலையில் எப்படி எழுந்திருக்கிறாள் என்று கேட்டபோது அவள் ஏன் தன் முகத்தைப் பார்த்தாள் என்று இப்போது யோசித்தார். அவள் சொல்ல வாயெடுத்திருப்பாளோ. அவர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார். இருட்டறை எலி ஒவ்வொன்றும் எப்படி எழுந்திருக்கிறது என்று நோட்டில் எழுதியவர் அவர். தன் வீட்டில் அவர் சாத்திவிட்டு வந்த கதவுக்குப் பின்னால் காலை எட்டு மணி எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

தெரிந்த ஆள் ஒருத்தி இருந்தாள், காலை முழுதும் பக்கத்து வீட்டிலேயே இருப்பவள். ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக மலையடிவாரத்துக்கு நடந்தார். ஜெயம்மாள் வண்டியைச் சுற்றிக் கற்பூரத்துக்குக் கை நீட்டிக்கொண்டு பத்துப் பேர் நின்றார்கள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். அவர் நகரவில்லை.

“யக்கா, காலைல அது எப்படி இருக்கும்?” என்றார்.

ஜெயம்மாள் கையில் இருந்த பொட்டலத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். எது என்று கேட்கவில்லை. இங்கே நின்று பேசுகிற பேச்சா இது, காலையில் வீட்டில் இரு, வருகிறேன் என்றாள்.

மறுநாள் அவர் கல்லூரிக்குப் போகவில்லை. எட்டு மணிக்கு ஜெயம்மாள் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். முதலில் சண்டைதான் போட்டாள்.

“உனக்குத் தெரியும்னுதானே நெனச்சிகினு இருந்தேன். பொண்டாட்டி இந்தக் கெதியில கெடக்குது, இவன் எலியப் பார்க்கப் போறானேன்னு எனக்கு அவ்ளோ ஆத்திரம். அதான் உன் மூஞ்சியிலயே முழிக்கல.”

“தூங்குதுன்னு நெனச்சேங்க்கா.”

“தூங்கல. மூணு மணிக்கே முழிச்சிக்குமாம். நீ கெளம்பற வரைக்கும் கண்ண மூடிகினு கெடக்குமாம். தெரிஞ்சா பாவா லீவு போட்டுடும்னு எங்கிட்ட சொல்லுச்சு.”

சாயங்காலம் நன்றாக இருக்கும் என்றார் பரசுராமன். தலை வாரிக்கொண்டு, ரசம் வைத்து, சிரித்துப் பேசும் என்றார்.

“சிரிச்சுச்சா?” என்றாள் ஜெயம்மாள்.

அவளுக்கு அது தெரியாது. அந்த எட்டு மாதத்தில் பிரபாவதி சிரித்து அவள் பார்த்ததேயில்லை. மதியம் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் பிரபாவதி மெல்ல எழுந்து குளிக்கப் போவாள். மாலை அவள் பார்த்ததில்லை, காலை இவர் பார்த்ததில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். தன் பாதியையே முழு நாள் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் வந்து சொல்லியிருக்கணும், கோவத்துல விட்டுட்டேன் என்றாள். பரசுராமன் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. தன்னையும் சமாதானப்படுத்திக்கொள்ள முடியவில்லை.

அழுது முடித்ததும் அவர், அந்தக் காலைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டார். ஒன்று விடாமல், ஞாபகம் இருக்கிற வரைக்கும். கடைசிக் காலை மட்டும் வேண்டாம்.

ஜெயம்மாள் சொன்னாள். கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு பின்வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும். வாளி நிரம்பி வழிந்தாலும் குழாயை மூடத் தோன்றாது, இவள் போய் மூடுவாள். நெஞ்சு மேல அம்மிக்கல்ல வச்சாப்பல கீது அக்கா என்று சொல்லும். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்ளும், பாவா வெச்சிட்டுப் போச்சு என்று சொல்லிக்கொண்டே. சில நாள் இவள்தான் தலையைச் சீவிவிடுவாள். சீவும்போது கண்ணை மூடிக்கொள்ளும்.

ராஜேஷிடம் இதையெல்லாம் போனில் சொல்ல முடியாமல், அந்த மாதமே ஒரு நாள் ஒரகடத்துக்குப் போய் நேரில் சொன்னார். அவன், நானும் சாயங்காலம்தானேப்பா போன் பண்ணேன் என்றான். அரக்கோணத்து டாக்டரிடமும் போனார். அன்றைக்கு நான் தெரியாமல் சொன்ன பதில் தப்பு சார் என்று சொல்லிவிட்டு எழுந்தார். டாக்டர் அவரை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வந்து, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று பரசுராமன் யாரிடமும் சொன்னதில்லை.

எலி வேலையை அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வேறு ஆளைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிறு காலைகளில் ஜெயம்மாள் வந்து உட்காருவாள். ஒவ்வொரு வாரமும் அவளுக்கு ஒன்றிரண்டு புதிதாக ஞாபகம் வரும். மாசியில் ஒரு நாள் பிரபாவதி தானாகவே எழுந்துவந்து, என்ன சட்னி அக்கா, வாசனையா கீது என்று கேட்டதாம். ஜெயம்மாள் தட்டில் வைத்துக் கொடுத்தாளாம்.

“எத்தினி சாப்ட்டுச்சு?” என்றார் பரசுராமன்.

“ரெண்டு இட்டிலி.” ஜெயம்மாள் யோசித்தாள். “இல்ல, மூணு. இன்னொன்னு கேட்டு வாங்கிச்சு.”

அவர் தலையாட்டினார்.

புரட்டாசிக்குள் அவளிடம் இருந்த காலைகள் தீர்ந்துவிட்டன. சொன்னதையே மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். சிலதை மாற்றி மாற்றியும் சொன்னாள். பரசுராமன் அவளைத் திருத்தவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை.